பட்டாளத்துக்காரருக்கு லீவுல கால் உடைஞ்சா டிசபிலிட்டி பென்ஷன் உண்டா இல்லையா?

ரிட்டயர்டு_நாயக்: என் மச்சான் ஹவில்தார், அவருக்கு ரிலீஸ் மெடிக்கல் போர்டு (ரிட்டயர் ஆகும்போது டாக்டர்ங்க பாக்குறது) முடிஞ்சுது. ஆனுவல் லீவுல வீட்டு மாடிப்படில வழுக்கி கணுக்கால் உடைஞ்சு ப்ளேட் வச்சிருக்கு, கீழ உக்காந்தா கை ஊணாம எந்திரிக்க முடியல. போர்டு 20% டிசபிலிட்டின்னு போட்டாங்க, கூடவே ‘நானா’ன்னும் எழுதிட்டாங்க, அதாவது சர்வீஸால வந்ததும் இல்ல சர்வீஸால கூடினதும் இல்லயாம். சிப்பாய் 24 மணி நேரமும் டியூட்டின்னு சொல்றாங்களே, அதெல்லாம் சும்மாவா?

கோர்ட்டுக்காரன்: அந்த 24 மணி நேர கதை செல்லாது அண்ணே. 2011 ஜுஜார் சிங் கேஸ் பாருங்க, லீவுல ரோடு ஆக்சிடெண்ட், சுப்ரீம் கோர்ட்டே கிடையாதுன்னுடுச்சு.

பழைய_சுபேதார்: 1999 மதன் சிங் ஷெகாவத் கேஸ் மட்டும் கண்ணுல படாதோ? லீவுல சொந்தக் காசுல ஊருக்குப் போனவர், ட்ரெயின்ல இருந்து இறங்கும்போது கை போச்சு, அவருக்கு குடுக்கச் சொன்னதும் அதே கோர்ட்தான்.

கோர்ட்டுக்காரன்: அது போற வழில நடந்தது சார், யூனிட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல பயணம் டியூட்டில சேரும். வீட்டுக்குள்ள போய் செருப்பைக் கழட்டிட்டா அதோட முடிஞ்சுது.

எல்லைவாசி: கசப்பா இருந்தாலும் சொல்றேன், எல்ஓசில (பாகிஸ்தான் பக்கத்து எல்லைக்கோடு) கண்ணிவெடி மிதிச்சு பாதம் போனவனும் டைல்ஸ்ல வழுக்கினவனும் ஒரே லைன்ல நின்னா எப்படி? இப்படி ஆளாளுக்கு கேட்டுத்தான் 2023 செப்டம்பர்ல ரூல்ஸையே மாத்தி இறுக்கிட்டாங்க

பழைய_சுபேதார்: ஆளாளுக்கு கேட்டது யாரு தம்பி? ரிட்டயர் ஆன ஆபீசர்ல 36-40% பேருக்கு டிசபிலிட்டி பென்ஷன், ஜவான்ல 15-18% தான்னு சிஏஜி (அரசுக் கணக்கு தணிக்கை) ரிப்போர்ட்லயே இருக்கு. ஜவான் கேட்டா மட்டும் உங்களுக்கு வலிக்குது. தொகையும் என்ன பெரிய தொகை, கடைசி சம்பளம் எம்எஸ்பி (மிலிட்டரி சர்வீஸ் பே) சேர்த்து 50,000ன்னு வைங்க, 100%க்கே அதுல 30%தான், 15,000. 20%ஐ பிராட்பேண்டிங்ல, அதாவது சதவீதத்தை மேல ஏத்தி ரவுண்ட் பண்ற முறையில, 50 ஆக்கினா மாசம் 7,500.

ரிட்டயர்டு_நாயக்: ஒண்ணு சொல்ல விட்டுட்டேன், அதே கால்லதான் சியாச்சின்ல ஃப்ராஸ்ட்பைட் (பனில உறைஞ்சு சதை செத்துப்போறது) ஆகி ரெண்டு விரல் எடுத்தாங்க, அப்ப இருந்தே ஏ-2ன்னு குறைஞ்ச மெடிக்கல் கேட்டகரி, ஷேப்-1 (முழு ஃபிட்) திரும்ப வரவே இல்ல

கோர்ட்டுக்காரன்: யோவ், இதை முதல்லயே சொல்லணும்ல! போர்டு பேப்பர்ல விரல் தனி டிசபிலிட்டியா வந்திருக்கா, அதுக்கு எத்தனை %? அது ஹை ஆல்டிட்யூட்ல வந்தது, ‘நானா’ன்னு போடவே முடியாது. கணுக்கால் எனக்கு இன்னும் டவுட்டுதான், வழுக்கினது வீட்டுப் படி, சியாச்சின் இல்ல.

பழைய_சுபேதார்: விரல் இல்லாத கால் எப்படிய்யா பிடிமானமா நிக்கும்? பழைய காயத்தாலதான் விழுந்தார்னு ஆர்த்தோ டாக்டர் எழுதிக் குடுத்தா சர்வீஸால வந்ததுன்னு வாதாட இடம் இருக்கு.

எல்லைவாசி: சியாச்சின் விரலுக்கு நான் குறுக்க நிக்கல. படிக்கு மட்டும்தான் சொன்னேன், அதுல மாத்திக்கல.

கோர்ட்டுக்காரன்: அண்ணே மொதல்ல அந்த பழைய கேட்டகரி போர்டு பேப்பர், இன்ஜுரி ரிப்போர்ட் ரெண்டும் ஆர்டிஐ போட்டு வாங்குங்க, அப்பீல் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு, அங்க ஆகலைன்னா ராணுவ ட்ரிப்யூனல் சென்னை பெஞ்ச். விரலையும் கணுக்காலையும் ஒரே பாராவுல கலந்து எழுதிடாதீங்க, ரெண்டும் சேர்ந்து ரிஜெக்ட் ஆகும்.