வெள்ளத்துக்கு வந்த இளையவர்கள் கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை?

பரந்தன்வாசி:
வணக்கம். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது, எங்கள் தொண்டர் அமைப்பின் சமையற் கொட்டிலுக்கு யாரும் அழைக்காமலேயே இளையவர்கள் வந்து சேர்ந்தார்கள். தைப்பொங்கல் கழிந்து கூட்டம் வைத்தபோது, வந்திருந்தவர்கள் பழைய பதினொரு பேர்தான். பின்னர் வந்த வெள்ளங்களிலும் இதே கதை. வருபவர்களை அன்பாகவே வரவேற்கிறோம், தேநீரும் கொடுக்கிறோம். எங்கே பிழை விடுகிறோம்?

பேத்தி, மலையாளபுரம்:
இத்தகைய ஓர் அமைப்புக்கு ஒருமுறை சென்று, மறுமுறை போகாதவள் நான். தேநீரில் குறையில்லை. ஆனால் இருக்கையில் அமரும் முன்பே, "தங்கச்சிக்குச் சொந்த இடம் எது? ஆருடைய பிள்ளை?" என்று மூன்று பேர் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு அது உறவு பிடிக்கும் பேச்சு. 1977 இனக்கலவரத்துக்குப் பின் மலையகத் தோட்டத்தை விட்டு வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்தில் பிறந்த எனக்கோ, மூன்று தலைமுறையாக விடை சொல்லியும் தீராத கேள்வி. பிறகு இரண்டு மணிநேரம் உலருணவுப் பொதி கட்டினேன். அவை எந்தக் கிராமத்துக்குப் போகின்றன என்று கேட்டதற்கு, "அதெல்லாம் செயலாளர் பார்ப்பார்" என்றார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா:
மகள் எழுதியது சுடுகிறது, ஆனாலும் உண்மை. மருத்துவர் இராசசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் இங்கே நடத்திய காந்தியம் என்ற அமைப்பு, அந்த மலையகக் குடும்பங்களைக் குடியேற்றியதோடு நில்லாமல், கிராமத்து இளம்பெண்களையே பயிற்றி முன்பள்ளிகளை நடத்த வைத்தது. இராசசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டதை ஆண்டுதோறும் நினைக்கும் நாம், அவருடைய வேலைமுறையை நினைப்பதில்லை. புதிதாக வருபவரைப் பொதி கட்ட இருத்துவதற்கு முன், பழைய உறுப்பினர் ஒருவரோடு பாதிக்கப்பட்ட வீடுகளைப் பார்க்க அனுப்புங்கள். உதவி பெறுவோர் பட்டியலைப் புதியவரே எழுதட்டும்.

பழைய பொருளாளர்:
ஆசிரியர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் ஊரே இரண்டாகும். வந்த அன்றே அந்தப் பொறுப்பைக் கொடுப்பது புதியவருக்குத்தான் ஆபத்து. அதற்குப் பதிலாக, காசுப் புத்தகத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லோர் முன்னும் வாசிக்கலாமே. அதற்கு மூக்குக்கண்ணாடி மட்டும் போதும். இன்னொன்று, மாலை ஆறரைக்குக் கூட்டம் வைத்தால், உள்வீதிக் கிராமத்துப் பிள்ளைகள் எந்த பஸ்ஸில் வீடு திரும்புவார்கள்?

பரந்தன்வாசி:
பஸ்ஸை நாங்கள் யோசிக்கவே இல்லை. கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றுகிறோம். வீடு பார்க்க இருவர் இருவராகவே போவோம். மலையாளபுரம் சகோதரி, அடுத்த பட்டியல் உங்கள் பக்கத்துக் கிராமத்தினுடையது. எங்களோடு வந்து அதைத் திருத்தித் தருவீர்களா?