மறு: ஆன்டிசீடென்ட் = சுட்டுமுதல்?

குழுவினருக்கு வணக்கம்.

ஆங்கில இலக்கணத்தைச் சரிபார்க்கும் மென்பொருளின் செய்திகளைத் தமிழில் எழுத, ஆன்டிசீடென்ட் என்பதற்கு, அதாவது அவள், ஷி போன்ற சொல் எந்தப் பெயருக்காக வருகிறதோ அந்தப் பெயருக்கு, ‘சுட்டுமுதல்’ என்ற சொல்லை முன்வைத்தவள் நான் என்பதால், வந்திருக்கும் மறுப்புகளுக்கும் நானே பதில் சொல்வதுதான் முறை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘முன்பெயர்’ போதுமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் வேறொன்றாகப் புரியும். பெயரை மாற்றிக்கொண்டவருக்கு அவருடைய பழைய பெயர்தான் முன்பெயர். ‘முன்னிலைப் பெயர்’ இன்னும் சிக்கல், அங்கே நீயும் நீங்களும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. ‘சுட்டுப்பொருள்’ நல்ல சொல்தான். ஆனால் அது வெளியே இருக்கும் ஆளையோ பொருளையோ குறிக்கும். நமக்கு வேண்டியது வாக்கியத்துக்கு உள்ளேயே நிற்கும் சொல்: அவள் என்று எழுதினால் எந்தப் பெயருக்காக அந்த அவள் வந்தாளோ, அந்தப் பெயர்.

இந்தச் சொல்லுக்காக நான் ஏன் இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். கோத்தகிரியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். படுகு பேசும் வீட்டுப் பிள்ளைகளும் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் கலந்த வகுப்பு. கொழுந்து பறிக்கும் தன் அம்மாவைப் பற்றிக் கட்டுரை எழுதிய ஒரு சிறுமி, கணினியில் இப்படித் தட்டியிருந்தாள்: ‘மை மதர் டோல்டு மை கிராண்ட்மதர் தட் ஷி வாஸ் டயர்ட்.’ மென்பொருள் ஒரு கோடு கூடப் போடவில்லை. பால் சரி, எண் சரி, காலம் சரி. “களைச்சுப் போனது யாரும்மா?” என்று கேட்டேன். “அதான் எழுதியிருக்கேனே மிஸ், எங்கம்மா” என்றாள்.

அவளுடைய ரஃப் நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதலில் தமிழில் எழுதிவிட்டுத்தான் ஆங்கிலத்துக்கு மாற்றியிருக்கிறாள். பென்சிலில் இருந்தது: ‘தான் ரொம்பக் களைத்துவிட்டதாக அம்மா பாட்டியிடம் சொன்னாள்.’ அங்கே ஒரு சந்தேகமும் இல்லை. தான் என்றால் சொன்னவள், அதாவது அம்மா. அவள் என்று எழுதியிருந்தால் பாட்டியாகவோ மூன்றாவது ஆளாகவோகூட இருக்கலாம். தமிழ் இரண்டு சொல் வைத்துக்கொண்டு பிரித்துக் காட்டுவதை ஆங்கிலம் ‘ஷி’ என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறது. பிள்ளைகள் தானையும் அவளையும் ஒரே ‘ஷி’க்குள் தள்ளும்போது, தங்கள் மனதில் இருந்த தெளிவு வழியில் உதிர்ந்துவிட்டது என்பது அவர்களுக்குத் தெரிவதே இல்லை. இந்த இடத்தில் எச்சரிக்கிற மென்பொருள்தான் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும். அந்த எச்சரிக்கையும் அவர்களுக்குப் புரியும் தமிழில் வேண்டும்.

> வாக்கியம் பிழையில்லை என்றால் மென்பொருள் எதைச் சுட்டும்?

நியாயமான கேள்வி. கணினி அறிஞர் டெரி வினோகிராட் 1972இல் காட்டிய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு நினைவிருக்கும். நகர்மன்ற உறுப்பினர்கள் ஆர்ப்பாட்டக்காரர்களுக்கு அனுமதி மறுத்தார்கள், ஏனென்றால் அவர்கள் வன்முறைக்கு அஞ்சினார்கள். அஞ்சியவர்கள் உறுப்பினர்கள். கடைசிப் பகுதியை ‘அவர்கள் புரட்சியை ஆதரித்தார்கள்’ என்று மாற்றினால், அவர்கள் என்பது ஆர்ப்பாட்டக்காரர்களிடம் போய்விடுகிறது. உலக அறிவு இல்லாமல் இதைத் தீர்க்க முடியாது. ஆனால் ஒரே பாலில் இரண்டு பெயர்கள், பின்னால் ஒரு ‘ஷி’ என்ற அமைப்பை மட்டும் கண்டுபிடித்து “யார் என்று பாருங்கள்” எனச் சொல்ல விதி எழுத முடியும். லாங்குவேஜ்டூல் போன்ற திறமூல இலக்கணச் சரிபார்ப்புக் கருவிகளில் ஒவ்வொரு விதியிலும் தேடவேண்டிய அமைப்பு, காட்டவேண்டிய செய்தி, எடுத்துக்காட்டு மூன்றும் நம் கையால் எழுதுவதுதானே.

இனி சொல்லுக்கு வருகிறேன். வினைக்கு முதலாக நிற்பது வினைமுதல். பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரிந்த சொல். அதே அச்சில், சுட்டுதலுக்கு முதலாக நிற்பது சுட்டுமுதல். இந்த உறவை நம் இலக்கணம் புதிதாகக் கற்க வேண்டியதும் இல்லை. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வரும்போது சுட்டுப்பெயரை முந்திச் சொல்லமாட்டார்கள், அது ‘இயற்பெயர் வழிய’ என்கிறது தொல்காப்பியம், சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில். சாத்தன் வந்தான், அவனுக்குச் சோறு போடு என்பதே முறை. அவன் வந்தான், சாத்தனுக்குச் சோறு போடு என்றால் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். செய்யுளுக்கு மட்டும் அடுத்த நூற்பா விலக்குத் தருகிறது.

> தொல்காப்பியத்திலேயே ‘சுட்டுமுதல்’ என்றால் சுட்டெழுத்தை முதலாக உடையது என்றுதானே பொருள்?

வந்ததிலேயே கனமான மறுப்பு இதுதான். இரண்டு இரவு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆம், எழுத்ததிகாரத்தில் ‘சுட்டுமுதல் உகரம்’ என்று வருகிறது. ஆனால் அங்கே அது இன்னொரு சொல்லுக்கு அடையாக நிற்கிறது. நம்முடையது தனிப் பெயராக, வேற்றுமை உருபு ஏற்று வரும்: சுட்டுமுதலை, சுட்டுமுதலோடு. இரண்டும் ஒரே பக்கத்தில் மோதும் வாய்ப்பு மிகக் குறைவு. ‘தான்’ சுட்டுப்பெயர் இல்லையே என்றும் ஒருவர் கேட்டார். இல்லைதான். ஆனால் நான் சுட்டு என்று சொல்வது அ, இ, உ என்ற எழுத்துகளை அல்ல, சுட்டுகிற செயலை. அந்தச் செயலைத் ‘தான்’ என்ற சொல்லும் செய்கிறது.

இன்னொன்று, செய்திகளை எழுதும்போது ‘பிழை’ என்ற சொல்லை அளந்து போடுவோம். ஒருவரை மட்டும் குறிக்க ‘தே’ என்ற ஆங்கிலப் பன்மைச் சொல் வந்தால் தவறு என்று கோடு போட்ட கருவிகள் உண்டு. 2019இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அந்தத் ‘தே’யையே ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அதே ஆண்டு வெளிவந்த அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏபிஏ) நடைக் கையேட்டின் 7ஆம் பதிப்பும் அதை ஏற்றுக்கொண்டது. பன்மையாக இருந்த ‘அவர்’ என்ற சொல்லால் தினமும் ஒருவரை மதிப்போடு அழைக்கிற நமக்கு இது வியப்பாக இருக்கக்கூடாது. ‘ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவி’ வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறியால் வந்ததல்ல என்று தொல்காப்பியமே பிரித்துச் சொல்லிவிட்டது. எனவே ‘தே’ விதிக்கான செய்தி ‘சுட்டுமுதல் ஒருமை, சுட்டு பன்மை. வேண்டுமென்றே எழுதினீர்களா?’ என்று இருக்கட்டும்.

‘ஷி’ விதிக்கு என் வரைவு: ‘இந்தச் சொல்லுக்குச் சுட்டுமுதல் எது? இரண்டு பெயர்கள் பொருந்துகின்றன.’ திருத்திய எடுத்துக்காட்டாக அந்தச் சிறுமி தானே எழுதித் தந்த வாக்கியத்தையே சேர்க்க வேண்டுகிறேன். ‘களைச்சுட்டேன்னு அம்மா சொன்னாங்க’ என்று வீட்டில் பேசுவதுபோலவே மாற்றியிருக்கிறாள்: ‘“ஐ ஆம் டயர்ட்,” மை மதர் டோல்டு மை கிராண்ட்மதர்.’

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து