அடிமையின் மகன் 2022 வரை உயிரோடு இருந்தார்: இதையும் மறுப்பீர்களா?

தாமிரபரணி:
நேத்து வேற இழையில் கணக்குவாத்தியார் எழுதினது இது: "அமெரிக்காவில் அடிமைமுறை 1865-லயே முடிஞ்ச கதை. அடிமையும் உயிரோட இல்லை, அடிமை பெத்த பிள்ளையும் உயிரோட இல்லை. இன்னும் எதுக்கு ஒப்பாரி?" படிச்சதுலேருந்து மனசு கொதிக்குது. அங்கேயே பதில் எழுதினா நாலு ஸ்டிக்கருக்கு நடுவுல காணாமப் போயிடும்னுதான் தனி இழை.

வாத்தியாரே, டேனியல் ஸ்மித்னு ஒருத்தர். 1932-ல் கனெக்டிகட்டில் பிறந்தவர். அவர் அப்பா ஏப்ரம் ஸ்மித் 1863-ல் வர்ஜீனியாவில் அடிமையாப் பிறந்தவர். அப்பாவுக்கு எழுபது வயசை ஒட்டிப் பிறந்த பிள்ளை. சாட்டையடிக் கம்பத்தைப் பத்தி அப்பா சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர். 1963-ல் கறுப்பர் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணியில் கலந்துக்கிட்டவர். 2022 அக்டோபர்ல, தொண்ணூறு வயசுல காலமானார். நீங்க ஸ்மார்ட்போன்ல ரீல்ஸ் பார்த்துட்டு இருந்தப்போ அடிமையோட சொந்த மகன் இந்த பூமியில மூச்சு விட்டுட்டு இருந்தார். "யாரும் இல்லை"ங்கிற வார்த்தையை வாபஸ் வாங்குங்க.

கணக்குவாத்தியார்:
வாபஸா? நீங்க சொன்ன வருஷத்தை நீங்களே ஒரு தடவை படிங்க. 1863. லிங்கன் விடுதலைப் பிரகடனம் எந்தத் தேதி? 1863 ஜனவரி 1. அப்போ ஏப்ரம் ஸ்மித் பிறக்கும்போதே சட்டப்படி சுதந்திர மனுஷன். இது கணக்கு, கண்ணீர் இல்லை. இன்னொண்ணு. 1865-ல் அவருக்கு வயசு ரெண்டு. ரெண்டு வயசுக் குழந்தை என்ன பருத்தி எடுத்துச்சு? "அடிமையின் மகன்"னு தலைப்பு போட்டா நல்லா ஓடும், அவ்வளவுதான்.

தாமிரபரணி:
பிரகடனம் படிச்சவர் அதுல யார் யாரை விட்டுட்டாங்கன்னும் படிச்சிருக்கணும். வர்ஜீனியாவுலயே வடக்குப் படை பிடிச்சு வெச்சிருந்த நார்ஃபோக் மாதிரி மாவட்டங்களுக்கு அது பொருந்தாதுன்னு பேர் போட்டே எழுதியிருக்கு. மிச்ச வர்ஜீனியா அப்போ யார் கையில? உள்நாட்டுப் போர்ல லிங்கனை எதிர்த்துப் பிரிஞ்சுபோன தெற்குக் கூட்டமைப்பு கையில. அவங்க லிங்கன் சொன்னதைக் கேட்கிறவங்களா? அவங்க தலைநகர் ரிச்மண்ட் விழுந்ததே 1865 ஏப்ரல்ல. டெக்சாஸ்ல கால்வெஸ்டன் ஊருக்கு ஜெனரல் கிரேஞ்சர் வந்து "நீங்க விடுதலை"ன்னு ஆணை படிச்சது 1865 ஜூன் 19. ரெண்டரை வருஷம் கழிச்சு! பிரகடனம் வந்த அன்னிக்கே சங்கிலி கழண்டுச்சுன்னா அந்த ஜூன் 19-ஐ ஜூன்டீன்த்னு விடுதலை நாளாக் கொண்டாடறது எதுக்கு?

ரெண்டு வயசுக் குழந்தை அடிமையான்னு கேட்டீங்களே, அதுக்கு வர்ஜீனியாவே 1662-ல் சட்டம் போட்டுப் பதில் சொல்லிடுச்சு. தாய் அடிமைன்னா குழந்தையும் அடிமை. அப்பன் யார்ங்கிற கேள்வியே கிடையாது, முதலாளியே அப்பனா இருந்தாலும் சரி. பண்ணைக்காரன் செத்தா சொத்துப் பட்டியல் எடுப்பாங்க. மாடு, ஏர், மேசை, அதுக்குக் கீழ குழந்தை பேரு, பக்கத்துல டாலர்ல விலை. தொட்டில்ல கிடக்கிறதுக்கும் விலை. பருத்தி எடுத்தாத்தான் அடிமைன்னு உங்களுக்கு எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்?

கொங்குவேள்:
என்னங்க பரணி, போன வருஷம் இடஒதுக்கீட்டு இழையிலயும் இப்படித்தான் ஆளை முழுங்கற மாதிரி எழுதினீங்க. அடிமைமுறை இல்லாத நாடு எது? அரபிக்காரன் பண்ணலையா? ஆப்பிரிக்க ராசாக்களே தங்க சனத்தைப் புடிச்சு வித்தாங்களே, அதைப் பத்தி ஒரு வரி உண்டா? வெள்ளைக்காரன் நம்மளையுந்தான் ஆண்டான். நாம எந்திரிச்சு நிக்கலையா? நீக்ரோக்கள் மட்டும் எத்தனை காலத்துக்குப் பழங்கதை பேசுவாங்க?

நியூஜெர்சி வாசு:
இங்க 22 வருஷமா இருக்கேன். உள்ளூர் நிலவரம் தெரியாம திருநெல்வேலியில உக்காந்துட்டு அமெரிக்காவைப் பத்தி எழுதறவங்களைப் பார்த்தா எரிச்சலா வருது. என் நிறம் என்ன, மாநிறமா? நானும் கறுப்புதான். ஒருத்தன் என்னைத் தடுக்கலை. எங்கப்பா இருந்த ரெண்டு ஏக்கரை வித்து என்னைப் படிக்க வெச்சார். ரெண்டு பெட்டியோட வந்து இறங்கினேன். உழைச்சேன், வீடு வாங்கினேன். உழைக்கிறவனுக்கு இங்க கதவு திறந்தே இருக்கு.

கணக்குவாத்தியார்:
வாசு சார் அனுபவத்துல சொல்றார். பரணிக்கு என் கேள்வி ஒண்ணுதான்: லிங்கன் பிரகடனம் சட்டமா, இல்லையா? சட்டம்னா ஏப்ரம் ஸ்மித் அடிமையாப் பிறக்கலை. ஆம், இல்லைன்னு பதில் போதும்.

நிலாமுற்றம்:
நான் பால்டிமோர்ல டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். வருஷத்தை விட்டுட்டு இதைக் கொஞ்சம் கேளுங்க.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு ரத்தத்துல இருக்கிற கிரியேட்டினினை (தசையிலேருந்து வர்ற கழிவு) வெச்சு ஒரு கணக்கு போடுவோம். வயசு, ஆணா பெண்ணா, இதெல்லாம் அதுல சேரும். 2021 வரைக்கும் இன்னொரு பெட்டியும் இருந்துச்சு: நோயாளி கறுப்பரா? ஆமான்னு டிக் பண்ணினா வந்த விடையை 1.159-ஆல் பெருக்கும். கறுப்பர்களுக்குத் தசை அதிகம்னு காரணம் சொன்னாங்க. ஒரே ரத்தம், ஒரே வயசு. வெள்ளைக்காரருக்கு 19, கறுப்பருக்கு 22. மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில நாள் எண்ண ஆரம்பிக்க 20 அல்லது அதுக்குக் கீழ வரணும். அந்த 19-காரர் வரிசையில நிக்கிறார். இந்த 22-காரரை "இன்னும் நல்லாத்தான் இருக்கு, அடுத்த வருஷம் வாங்க"ன்னு அனுப்புவோம். அந்தப் பெட்டியில நானே எத்தனை தடவை டிக் போட்டிருக்கேன்.

2023-ல்தான் பழைய கணக்கால பின்தள்ளப்பட்டவங்களோட காத்திருப்பு நாளைத் திருத்தணும்னு எல்லா மாற்று மையங்களுக்கும் உத்தரவு வந்துச்சு. எங்க பிரிவுல ஒரு பெரியவர், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவருக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல சேர்த்துக் கொடுத்துக் கடிதம் வந்துச்சு. அதை நாலா மடிச்சு சட்டைப்பையில வெச்சிருப்பார். நான் ஃபிஸ்டுலாவுல (டயாலிசிஸுக்காகக் கையில ரத்தக்குழாய்களை இணைச்சு வெச்ச இடம்) ஊசி ஏத்தும்போது மத்த கை அந்தப் பைமேலயே இருக்கும். "ரெண்டு வருஷம் யார் வெச்சிருந்தாங்கம்மா?"ன்னு ஒரு நாள் கேட்டார். நான் மெஷினைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

கறுப்பர் உடம்பு வேற மாதிரிங்கிற எண்ணம் எங்கிருந்து வந்துச்சு? சாமுவேல் கார்ட்ரைட்னு ஒரு டாக்டர், அடிமை முதலாளிகளுக்காகவே எழுதினவர். அடிமை தப்பியோடுறது ஒரு நோய்னு 1851-ல் அதுக்குப் பேரே வெச்சார். வைத்தியம் சாட்டையடி. கறுப்பர்களுக்கு நுரையீரல் கொள்ளளவு குறைவுன்னு மூச்சளவி வெச்சுக் கணக்கு காட்டினதும் அவர்தான். அந்த மூச்சுப் பரிசோதனைக்கு இனத்தைப் பார்த்துத் திருத்தம் போடற வழக்கம் எங்க காலம் வரைக்கும் வந்துச்சு. இதுல எது முடிஞ்ச கதை?

கணக்குவாத்தியார்:
நிலா மேடம், நல்ல தகவல். ஆனா அது மருத்துவம், தனி இழையில போடுங்க. இங்க பேச்சு 1863.

தாமிரபரணி:
பேச்சு 1863 இல்லை! நீங்க பிடிச்சுத் தொங்கறீங்க. நிலா அக்கா எழுதினதை அப்படியே கடந்து போக எப்படி மனசு வருது?

வாசு சார், உங்களுக்கு வரேன். கதவு திறந்தே இருந்துச்சா? பகத் சிங் திந்த் வழக்கில் 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியனுக்குக் குடியுரிமை கிடையாது, அவன் வெள்ளையன் இல்லைன்னு தீர்ப்பு எழுதுச்சு. அந்தக் கதவு நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அகலமாத் திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்துல. அந்தச் சட்டம் எப்படி வந்துச்சு? கறுப்பர்கள் தெருவுல நாய்க்கடி பட்டு, தண்ணிக் குழாய் அடி பட்டு, அலபாமாவுல செல்மா பாலத்துல போலீஸ் அடிச்சு மண்டை உடைஞ்சு நடத்தின போராட்டத்தோட அலையில வந்துச்சு. உங்க ரெண்டு பெட்டியும் அந்தப் பாலத்து மேல ஏறித்தான் நெவார்க் வந்துச்சு.

"எங்கப்பா ரெண்டு ஏக்கர் வித்தார்"னு எழுதினீங்க. வித்தார் சரி. விக்கறதுக்கு இருந்துச்சு இல்ல? 1865 ஜனவரியில வடக்குப் படை ஜெனரல் ஷெர்மன் கடலோர நிலத்தை விடுதலையான கறுப்பர்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரிச்சுக் கொடுக்கச் சொன்னார். உழுது விதைக்க ஆரம்பிச்சாங்க. லிங்கனைச் சுட்டதும் அதிபரா வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே வருஷம் அதைப் பிடுங்கிப் பழைய முதலாளிகிட்டயே கொடுத்தார். நஷ்டஈடும் கொடுத்தாங்க, யாருக்கு? 1862-ல் வாஷிங்டன் நகரத்துல அடிமைகளை விடுவிச்சப்போ தலைக்கு 300 டாலர் வரைக்கும் முதலாளிக்கு. பிரிட்டன்ல 2 கோடி பவுண்ட், அதுவும் முதலாளிங்களுக்கு. அந்தக் கடனை பிரிட்டிஷ் கஜானா அடைச்சு முடிச்சது 2015-ல்.

அப்புறம் 1930-களில் அரசாங்கமே ஊர் ஊரா வரைபடம் போட்டுக் கறுப்பர் தெருவுக்குச் சிவப்பு அடிச்சுச்சு. சிவப்புல இருந்தா வீட்டுக்கடனுக்கு அரசு உத்தரவாதம் கிடையாது. வெள்ளைக்காரன் வீடு வாங்கினான், பிள்ளைக்கு விட்டுட்டுப் போனான். கறுப்பன் வாடகை கட்டினான். 2022 அமெரிக்க மத்திய வங்கிக் கணக்குப்படி, சொத்து வரிசையில நட்டநடுவுல நிக்கிற வெள்ளைக் குடும்பத்துச் சொத்து 2,85,000 டாலர், கறுப்பர் குடும்பத்துக்கு 44,900. கணக்குவாத்தியாருக்குக் கணக்கு பிடிக்கும்ல, வகுத்துப் பாருங்க.

நியூஜெர்சி வாசு:
எங்கப்பாவை இழுக்காதீங்க. அந்த நிலத்தை விக்கும்போது அவர் வரப்புல உக்காந்து அழுததை நான் பார்த்தேன். அது யாரும் போட்ட பிச்சை இல்லை. நான் யாருக்கும் கடன்படலை. 1965 சட்டம் வந்தப்போ நான் பிறக்கவே இல்லை.

தமிழாசான்:
இழை முழுக்க "கறுப்பு"ன்னு வருது, வேறு இழைகளில் "கருப்பு"ன்னு எழுதறாங்க. நிறத்துக்கு வல்லின றகரமே சரி. "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்று தொல்காப்பியமே சொல்கிறது. கொங்குவேள் எழுதிய "நீக்ரோ" தமிழும் இல்லை, மரியாதையும் இல்லை.

கொங்குவேள்:
பாடப் புத்தகத்துல அப்படித்தானுங்க படிச்சோம். கருமேகம், கருவிழி எல்லாம் இடையினத்துல வரும், கறுப்பு மட்டும் வல்லினமா? அதே தொல்காப்பியம் கறுப்புக்குக் கோபம்னுதானே பொருள் சொல்லுது!

தமிழாசான்:
அடுத்த நூற்பாவையும் படியுங்கள், நிறத்துக்கும் உரியது என்று இருக்கிறது. அரைகுறையாகப் படித்துவிட்டு வாதாட வேண்டாம்.

கொங்குவேள்:
அரைகுறையா? 2019-ல சந்திப்பிழை இழையில யார் மூக்கறுபட்டாங்கன்னு தேடிப் பாருங்க.

நிலாமுற்றம்:
ஒரு மனுஷனோட ரெண்டு வருஷம் போச்சுன்னு எழுதினேன். கீழ றகரமா ரகரமான்னு சண்டை நடக்குது.

தாமிரபரணி:
அக்கா, விடுங்க, நான் விடமாட்டேன். அடிமைமுறை 1865-ல் முடிஞ்சதுன்னு சொல்றவங்க அதை ஒழிச்ச அரசியலமைப்பு 13-வது திருத்தத்தையே முழுசாப் படிக்கிறதில்லை. "குற்றத்துக்குத் தண்டனையாக அன்றி"ன்னு அதுக்குள்ளயே ஒரு ஓட்டை இருக்கு. அந்த ஓட்டை வழியாக் கைதிகளைச் சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் வாடகைக்கு விட்டாங்க. அலபாமா அதை நிறுத்தினது 1928-ல். லூசியானாவில் அங்கோலா சிறை, 18,000 ஏக்கர். முன்னாடி அடிமைப் பண்ணை, பேரே பண்ணைப் பேர்தான். இன்னிக்கும் அங்க கைதிகள் வயல்ல களை வெட்டறாங்க, பெரும்பாலும் கறுப்பர்கள், பக்கத்துல துப்பாக்கிக் காவல், மணிக்குச் சில சென்ட் கூலி. மிசிசிப்பி மாநிலம் இந்தத் திருத்தத்தை ஏத்துக்கிட்டு ஓட்டுப் போட்டதே 1995-ல். அதோட காகிதத்தைப் பதிவு பண்ணினது 2013-ல்.

வர்ஜீனியாவுக்கே வாங்க. பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்துல கறுப்புப் பிள்ளைங்களை வெள்ளைப் பள்ளியில சேர்க்கணும்னு தீர்ப்பு வந்ததும் 1959-ல் அரசுப் பள்ளி எல்லாத்தையும் இழுத்துப் பூட்டினாங்க. அஞ்சு வருஷம். வெள்ளைப் பிள்ளைங்களுக்குத் தனியார் பள்ளி. கறுப்புப் பிள்ளைங்க பலருக்குப் பள்ளியே கிடையாது. அந்தப் பிள்ளைங்களுக்கு இன்னிக்கு எழுபது வயசு, எழுபத்தஞ்சு வயசு. உயிரோட இருக்காங்க, வாத்தியாரே. உயிரோட!

கணக்குவாத்தியார்:
கேட்டது ஆம் அல்லது இல்லை. வந்தது அங்கோலா, அலபாமா, மிசிசிப்பி, பள்ளிக்கூடம். முப்பது வருஷம் வகுப்பெடுத்தவன் நான். விடை தெரியாத பையன்தான் பக்கம் பக்கமா எழுதுவான். பிரகடனம் 1863 ஜனவரி. பிறப்பு 1863. சட்டப்படி சுதந்திரம்.

தாமிரபரணி:
பிரகடனம் காகிதம். குழந்தை பண்ணையில. அந்தப் பண்ணையில யார் சட்டம் நடந்துச்சுன்னு நீங்க இன்னும் சொல்லலை.

நியூஜெர்சி வாசு:
எங்கப்பாவைப் பத்தி எழுதின வரியை எடுக்கச் சொல்லி நிர்வாகிக்கு அனுப்பியிருக்கேன்.

தாமிரபரணி:
அனுப்புங்க. விக்கறதுக்கு நிலம் இருந்துச்சுன்னு சொன்னது எந்த வகையில தப்புன்னு நிர்வாகிகிட்டயே சொல்லச் சொல்லுங்க. வாத்தியாரே, நாளைக்கு வேலை முடிஞ்சு வந்ததும் 1662 சட்டத்தை வரிக்கு வரி தமிழ்ல போடறேன். ஓடிப்போகாதீங்க.

கணக்குவாத்தியார்:
1662 யார் கேட்டது? 1863 போடுங்க.