‘சீம்லெஸ் பேட்டர்ன்’: ‘தடையற்ற வடிவம்’ வேண்டாமே

முதல் மடல்

குழுவினருக்கு வணக்கம்.

கணினியில் படம் வரையக் கற்றுத்தரும் பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 12 பாடங்கள் முடிந்தன. தூரிகை, அடுக்கு, மறைப்பு என்று எதற்கும் ஒரு சொல் எப்படியோ அகப்பட்டது. 13-ஆவதில் வண்டி நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். ஒரு சதுரத்துக்குள் படம் வரைகிறோம். அதையே இடம், வலம், மேல், கீழ் என்று அடுக்கிக்கொண்டு போகிறோம். எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடக் கூடாது. துணி அச்சு, சுவர்த்தாள், கணினி விளையாட்டில் வரும் புல்தரை எல்லாம் இப்படிச் செய்தவைதான். ஆங்கிலத்தில் சீம்லெஸ் பேட்டர்ன்.

தேடினால் ‘தடையற்ற வடிவம்’ என்று வந்து நிற்கிறது. தடையற்ற மின்சாரம் புரிகிறது. ஒரு கொடியும் நாலு இலையும் இருக்கிற படத்துக்கு யார் தடை போட்டார்கள்? ‘சீம்’ என்றால் தையல். ‘தையலற்ற’ என்று போடலாமென்றால், தையல் என்பதற்குப் பெண் என்றும் பொருள் உண்டு. ‘தையலிலா வடிவம்’ என்று எழுதினால் பழம்பாட்டு படித்தவர்கள் சிரிப்பார்கள். அந்த ஒற்றைச் சதுரத்தை ஆங்கிலத்தில் ‘டைல்’ என்கிறார்கள். அதற்கு ‘ஓடு’ என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். பொத்தானில் ‘ஓடு’ என்றிருந்தால், அழுத்தியதும் ஏதோ ஓடப்போகிறது என்றுதான் நான் காத்திருப்பேன்.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன், சொல் தேட அது உதவும். 2000-க்கு 2000 புள்ளி அளவுள்ள படத்தை வலப்பக்கம் 1000, கீழே 1000 தள்ளுகிறோம். வலது ஓரத்தில் வெளியே போன பாதி இடது ஓரத்தில் உள்ளே வரும். நான்கு மூலைகளும் நடுவில் வந்து கூடும். பழைய ஓரங்கள் கூட்டல் குறி மாதிரி தெரியும். அந்தக் குறியின் மேல் வரைந்து மறைத்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது. போட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் இப்படித் தள்ளுவதற்கு ‘ஆஃப்செட்’ என்று பெயர்.

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம், கூட்டல் குறியின் நான்கு கைகளும் புதிய ஓரம் வரை போய்த் தொடுகின்றன. அங்கே தூரிகை பட்டால் புது வெட்டு விழும். அந்த இடங்களுக்காக இன்னொரு முறை, வேறு அளவில் தள்ள வேண்டும். கிரிட்டா என்ற படம் வரையும் செயலியில் டபிள்யூ விசையைத் தட்டினால் இந்தத் தொல்லையே கிடையாது. படம் திரை முழுக்கத் தானே அடுக்கிக்கொள்ளும். வலது ஓரத்தைத் தாண்டும் கோடு அப்படியே இடது ஓரத்தில் நுழைந்து வரும். ‘ராப் அரவுண்ட்’ நிலை என்கிறார்கள். 1979-இல் வந்த ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ விளையாட்டில் கப்பல் ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் முளைக்குமே, அதே சங்கதி.

ஆக எனக்கு வேண்டியவை நான்கு: அந்த வடிவத்துக்கு, அதன் ஒற்றைச் சதுரத்துக்கு, தள்ளுவதற்கு, இந்தச் சுற்றி நுழையும் நிலைக்கு.

மறுமொழி 1

அன்புள்ள அம்மா,

உங்கள் விளக்கத்தைப் படித்ததும் எனக்கு யாப்பு வகுப்புதான் நினைவுக்கு வந்தது. ஒன்றின் முடிவே அடுத்ததன் தொடக்கம். இதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறதே: அந்தாதி.

மேலோட்டமான ஒப்புமை என்று தள்ளிவிடாதீர்கள். அந்தாதித் தொடையில் மண்டலம், செந்நடை என்று இரண்டு உண்டு. கடைசி அடியின் ஈறு திரும்பி முதலடியின் தொடக்கத்தோடு சேர்ந்தால் மண்டலம். சேராமல் நேரே போய் நின்றுவிட்டால் செந்நடை. உங்கள் கப்பல் வலப்பக்கம் போய் இடப்பக்கம் வருவது மண்டலித்தல் அல்லாமல் வேறென்ன? ‘அந்தாதி வடிவம்’, ‘மண்டல நிலை’. இரண்டு சொல் தந்துவிட்டேன், மற்ற இரண்டை இளையவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2

ஐயா சொன்னது அழகு. ஆனால் மென்பொருள் இடைமுகத்தை மொழிபெயர்த்துப் பழகியவன் என்ற முறையில் எனக்குச் சில சிக்கல்கள் தெரிகின்றன.

‘மண்டல நிலை’யை இன்று படிப்பவர் வட்டாரம், பகுதி என்றுதான் எடுத்துக்கொள்வார். மண்டல அலுவலகம் பார்த்த கண்கள். சொல்லின் பழைய பொருள் சரியாக இருப்பது போதாது; பொத்தானைப் பார்த்தவர் கை தயங்காமல் போக வேண்டும்.

அப்புறம், அந்தாதி ஒரே திசையில் ஓடுவது. இங்கே இரண்டு திசை. இடமும் வலமும் சேர்ந்தால் குழாய் ஆகிறது. அந்தக் குழாயின் இரு வாய்களும் சேர்ந்தால் வளையம். பாட்டுக்கு மேலும் கீழும் அண்டைப் பாட்டு இல்லையே. ‘அந்தம்’, ‘ஆதி’ இரண்டும் வடசொல் என்று ஒருவர் கிளம்புவார். அந்த வாதத்தில் நான் இறங்கவில்லை.

நான் முன்வைப்பது:

ராப் அரவுண்ட் – விளிம்பிணைப்பு. செயலி செய்வதும் அதைத்தான், எதிரெதிர் விளிம்புகளை இணைக்கிறது.

டைல் – கண்ணி. சங்கிலியின் ஒரு வளையம் கண்ணி, வலையின் ஒரு கட்டமும் கண்ணி. சங்கிலிக் கண்ணி இரண்டு பக்கம்தான் சேரும். வலைக்கண்ணி நாலாபக்கமும் சேரும், அதுதான் நமக்கு வேண்டியது. கண்ணிவெடி நினைவுக்கு வரும் என்பீர்கள். வரட்டும், அடுக்கிப் பார்க்கும்போது ஓரம் பொருந்தாவிட்டால் கிட்டத்தட்ட அதேதான்.

சீம்லெஸ் – ‘ஒட்டுத் தெரியாத’. இதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். “ஒட்டுப் போட்டதே தெரியவில்லை” என்று பேச்சில் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்.

மறுமொழி 3

குழுவின் அமைதியைக் கெடுக்க ஒரு வரி. விகாரம் இல்லாமல் சேர்வதற்கு இலக்கணத்தில் ‘இயல்பு புணர்ச்சி’ என்று அருமையான சொல் இருக்கிறது. துல்லியத்தில் அதை மிஞ்ச முடியாது. அதைப் பொத்தானில் அச்சிடும் துணிவு யாருக்கு உண்டு?

மறுமொழி 4 (இழையைத் தொடங்கியவர்)

யாருக்கும் இல்லை. அடுத்தது.

‘கண்ணி’யை எடுத்துக்கொண்டேன், சந்தோஷமாக. ‘விளிம்பிணைப்பு’ம் சரி. ‘ஒட்டுத் தெரியாத’ என்பதில்தான் எனக்கு இரண்டு நாளாக உறுத்தல். சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன்.

போன மாதம் ஒரு செயலியில் இலைக்கொத்து ஒன்று வரைந்தேன். ஓரங்கள் பொருந்திவிட்டன. அடுக்கிப் பார்த்தால் மயிரிழை போல ஒரு வெளிர்கோடு, சதுரம் சதுரமாக. அரை நாள் தேடினேன். படத்தின் அகலம் 2001. பாதி 1000.5. அரைப்புள்ளிக்கு எங்கே போவது? செயலி பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து மழுப்பிவிட்டது; ஓரத்தில் வெறுமையோடு கலந்ததால் கோடு. இது ஒட்டுத் தெரிகிற பிழை. இரட்டைப்படை அளவில் மறுபடி தொடங்கினேன், கோடு போயிற்று.

சரி, முடிந்தது என்று சின்னதாக்கிப் பார்க்கிறேன். இப்போது ஒட்டு எங்குமே இல்லை, ஆனால் அசிங்கமாக இருக்கிறது! எல்லா இலையும் பச்சை, ஒன்று மட்டும் கருஞ்சிவப்பு. அது ஒவ்வொரு கண்ணியிலும் அதே இடத்தில் வந்து, அணிவகுப்பு மாதிரி வரிசை கட்டி நிற்கிறது. நடுவில் இலை குறைந்த இடம் ஒன்று இருந்தது. அது மேலிருந்து கீழ் வரை தெருவாக நீண்டுவிட்டது.

ஆக ஒட்டுத் தெரியாமலிருப்பது வேறு, திரும்பத் திரும்ப வருவது தெரியாமலிருப்பது வேறு. ‘சீம்லெஸ்’ முதலாவதை மட்டும்தான் சொல்கிறது. கற்றுக்கொள்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து, குற்றமே இல்லாத ஓரத்தை மணிக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது பிழைக்கும் ஒரு பெயர் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். என் கைக்கு வந்த சொல் ‘சந்து’. “சந்து விழுந்திருக்கிறது, அந்த இடத்தில் ஒரு மொட்டு வை” என்று சொன்னால் உடனே புரியும்.

மறுமொழி 5

அம்மா, சந்து என்பதற்கு மூட்டு, பொருத்து என்ற பொருளும் உண்டு. ஒட்டுக்கும் தெருவுக்கும் ஒரே சொல்லாகிவிடாதா? மற்றபடி மண்டலத்தை நான் விட்டுவிட்டேன். அந்தாதியை விடவில்லை. நண்பர் கேட்ட இரண்டு திசைக்கு விடை எளிது: கிடை அந்தாதி, நெடுக்கு அந்தாதி. எல்லா வடிவமும் இரண்டு திசையிலும் சேர வேண்டியதில்லையே. ஓரப்பட்டை வரைகிறவருக்கு இடமும் வலமும் சேர்ந்தால் போதுமல்லவா?

மறுமொழி 6 (இழையைத் தொடங்கியவர்)

ஐயா, ஓரப்பட்டை நல்ல பிடி. அதை நான் யோசிக்கவே இல்லை. ‘ஒட்டுத் தெரியாத’ என்ற சொல்லால் எந்தத் திசையில் என்று சொல்ல முடியவில்லை. ‘கிடை அந்தாதி’ சொல்லிவிடுகிறது. இன்னொன்று: ‘தெரியாத’ என்பது எதிர்மறை, முடிந்த படத்தைப் பார்ப்பவரின் சொல். அந்தாதி செய்கிறவரின் சொல். எந்த ஓரத்தை எந்த ஓரத்தோடு சேர்க்க வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் பாடத்தின் தலைப்பு ‘அந்தாதி வடிவம்’. விளக்கத்தின் முதல் வரியில் ‘ஒட்டுத் தெரியாமல் தொடரும் வடிவம்’ என்று வந்துவிடும். இடைமுக நண்பருக்கு இதில் முழு உடன்பாடு இருக்காது, தெரியும்.

சந்துக்கு மூட்டு என்ற பொருள் இன்று பேச்சில் மங்கிவிட்டது, தெருதான் நிற்கிறது. வைத்துக்கொள்கிறேன்.

தள்ளுவதற்கு ‘உருட்டல்’ என்று எழுதியிருந்தேன், உருளை மாதிரி சுற்றி வருவதால். பக்கத்தை மேலும் கீழும் உருட்டுவதோடு குழம்புகிறது. ‘நகர்த்து’ ஏற்கெனவே வேறு கருவிக்குப் போய்விட்டது. ‘சுற்றித் தள்ளு’ என்று வைத்துவிட்டேன். கவிதை இல்லை, வேலை நடக்கும்.

ஒன்று மட்டும் பாக்கி. சந்து விழாமலிருக்க, கண்ணிகளை நேர்வரிசையாக அடுக்காமல் ஒன்றுவிட்டு ஒரு பத்தியைப் பாதி உயரம் இறக்கி வைப்பார்கள், ஹாஃப் டிராப். கிடைவரிசையைப் பாதி அகலம் தள்ளினால் பிரிக். இல்லஸ்டிரேட்டர் என்ற வரைகலைச் செயலியில் 2012-இல் வந்த பதிப்பிலிருந்தே செங்கல் முறையை வரிசைவாரியாகவும் பத்திவாரியாகவும் தேர்ந்தெடுக்கலாம். பிரிக்குக்குச் ‘செங்கல் அடுக்கு’, அதில் கேள்வியே இல்லை. ஹாஃப் டிராப்புக்கு ‘அரை இறக்கம்’ என்று எழுதி, தோழி ஒருத்தியிடம் காட்டினேன். “பதிவிறக்கம் பாதியில் நின்றுவிட்டதா?” என்று கேட்டாள். ‘அரைப்படி’ என்று மாற்றினேன். அளக்கிற படியா என்றாள்.

வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை அந்த இடத்தில் ‘பாதி இறக்கிய அடுக்கு’ என்றே இருக்கும்.