ஹார்வி வரைந்த பம்பு படம் எங்கே கிடைக்கும்?

உயிரியல் வாத்தியார்:
இருபது வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு இதயம் நடத்துகிறேன். கரும்பலகையில் முதலில் ஓர் அடிபம்பு, பக்கத்தில் இதயம். “1628-இல் வில்லியம் ஹார்வி இப்படித்தான் விளக்கினார்” என்று (ரத்தம் உடம்பில் சுற்றி வருகிறது என்று காட்டிய ஆங்கில மருத்துவர் அவர்) வாய் கூசாமல் சொல்லியும் வந்திருக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி, “சார், அவர் வரைந்த பம்பைக் காட்டுங்களேன்” என்றாள். இரண்டு ராத்திரி தேடினேன். அகப்பட்டதெல்லாம் மனித உடம்புக்குள் குட்டி ஆட்கள் வேலை பார்க்கும் ஒரு தொழிற்சாலைப் படம். அது ஹார்வியுடையதா?

நூலகப் பூனை:
இல்லை சார். அது ஃபிரிட்ஸ் கான் என்ற ஜெர்மன் மருத்துவர் 1926-இல் வெளியிட்ட சுவரொட்டி. முந்நூறு வருட வித்தியாசம்.

ஹார்வியின் புத்தகத்தில் பம்பு படமே கிடையாது. இதயத்தின் படமும் கிடையாது! இருப்பது நான்கு கைகள். முழங்கைக்கு மேலே கட்டுப் போட்டு, நரம்பு புடைத்த கை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரையைத்தான் சொல்கிறேன், வீட்டில் நாம் நரம்பு என்போமே). அந்தப் படமும் அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. இத்தாலியின் பதுவா நகரில் அவருக்குப் பாடம் சொன்ன ஃபாப்ரீசியஸ் 1603-இல் சிரை வால்வுகளைப் பற்றி எழுதிய நூலிலிருந்து எடுத்து மாற்றியது. ஃபாப்ரீசியஸ் அவற்றைச் சின்னக் கதவுகள் என்றார். ரத்தம் மொத்தமாகக் கை கால்களுக்கு இறங்கிவிடாமல் தடுக்கத்தான் அவை என்று நினைத்துக்கொண்டார்.

ஹார்வியின் எழுத்தில் இயந்திரம் உண்டு. ஒரு சக்கரம் இன்னொன்றைச் சுழற்றினாலும் எல்லாம் ஒரே நேரத்தில் சுழல்வதுபோலத் தெரிகிற பொறியை உவமை சொல்கிறார். அவருடைய விரிவுரைக் குறிப்புகளில் தண்ணீர் ஏற்றும் துருத்தியும் வருகிறது. ஆனால் அதே புத்தகத்தில் இதயம் சூரியனும்கூட, அரசனும்கூட.

பட்டறைக்காரன்:
எனக்கு மருத்துவம் தெரியாது, மோட்டார் ரிப்பேர் தெரியும். வால்வு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்தாலே தண்ணீர் எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம். அந்தப் பேராசிரியர் கதவைப் பார்த்தார், திறக்கிற திசையைக் கணக்கில் எடுக்கவில்லை போல.

நூலகப் பூனை:
அதேதான் அண்ணே. திசையைக் கவனித்தவர் ஹார்வி. அப்புறம் கணக்கும் போட்டார். ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் ரத்தம், அரை மணியில் ஆயிரம் துடிப்பு என்றால் 500 அவுன்ஸ், 14 கிலோவுக்கு மேல். சாப்பாட்டிலிருந்து கல்லீரல் புதிதாக ரத்தம் ஊறவைக்கிறது என்பது பழைய நம்பிக்கை. அவ்வளவுக்கு எவ்வளவு சாப்பிடுவது? அதனால் அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும்.

உயிரியல் வாத்தியார்:
நன்றி. இன்று வகுப்பில் செய்து பார்த்தோம். என் கையில் சதைதான் இருக்கிறது, நரம்பு தெரியவில்லை. கபடி ஆடும் பையன் ஒருவன் கை நீட்டினான். துண்டால் லேசாகக் கட்டியதும் முடிச்சு முடிச்சாகப் புடைத்தது. ஒரு விரலால் கீழே அழுத்தி, இன்னொரு விரலால் முடிச்சைத் தாண்டி மேலே வழித்துவிட்டேன். நடுவில் நரம்பு வெறுமையாக அப்படியே நின்றது. மேலிருந்து சொட்டு இறங்கவில்லை. கீழ் விரலை எடுத்ததும் சட்டென்று நிரம்பியது. படம் கேட்ட மாணவி, “இன்னொரு தடவை சார்” என்றாள். நான்கு தடவை செய்தோம், மணி அடித்துவிட்டது.