அப்பென்டிக்ஸ் (குடல்வால்) வெடித்தவர்கள், அவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

வெல்லாவெளியிலிருந்து:

வெள்ளாமை வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். தங்கையின் மகனுக்குத் தொப்புளைச் சுற்றி வலி. குடலேற்றம் என்று பெரியம்மா எண்ணெய் போட்டுத் தடவினார். வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது, பிறகு ஓர் இரவில் திடீரென்று குறைந்தது. எழுந்து கஞ்சி கூடக் குடித்தான். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, வலது பக்கம் தொட்டாலே துடித்தான். ஓட்டோவில் ஏற்றிப் பட்டிருப்புப் பாலம் தாண்டினோம்.

வீங்கிய குடல்வால் வெடித்ததும் உள்ளே இருந்த அழுத்தம் இறங்கிவிடுமாம். வலி குறைந்ததற்குக் காரணம் அதுதான் என்று டொக்டர் சொன்னார்.

முதலில் அல்ட்ராசவுண்ட். நல்ல குடல்வால் என்றால் கருவியால் அழுத்தும்போது அமுங்கும். அழற்சி இருந்தால் அமுங்காது, 6 மில்லிமீற்றருக்கு மேல் தடித்தும் இருக்கும். இவனுக்கு வாயு மறைத்ததால் குடல்வாலே தெரியவில்லை, பக்கத்தில் ஏதோ திரவம் மட்டும் தெரிந்தது. ஆகவே சி.டி. ஸ்கேன். சிறுநீரகம் எப்படி என்று பார்க்க இரத்தம் எடுத்தார்கள், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார்கள், அப்புறம்தான் கையில் சாய மருந்து ஏற்றினார்கள். "மாமா, உடம்பெல்லாம் சூடாகி மூத்திரம் போன மாதிரி இருந்தது" என்றான் வெளியே வந்து. பலருக்கும் அப்படித்தான் இருக்குமாம், சில நொடிகள்தான். படத்தில் பெரிய சீழ்க்கட்டி, அதற்குள் வெள்ளையாக ஒரு சின்ன மலக்கல், அதாவது கல்லாக இறுகிய மலம்.

உடனே வெட்டி எடுக்காமல் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று மச்சான் வாட்டில் சண்டைக்கே போய்விட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். அந்த நிலையில் குடலெல்லாம் ஒட்டிக் கிடக்கும், கை வைத்தால் கிழியும், குடலில் ஒரு பகுதியையே எடுக்க வேண்டி வரலாம் என்று சத்திரசிகிச்சை டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அதனால் வெட்டாமல் சீழை மட்டும் வடிய விட்டார்கள்: அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே ஊசி, அதன் வழியே மெல்லிய கம்பி, கம்பியின் மேல் நுனி சுருண்ட குழாய். வந்த சீழின் நாற்றம் வாட் முழுக்க. கொஞ்சத்தைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நேர்ஸ் மிஸ் தினமும் குழாயைச் சேலைன் விட்டுக் கழுவி, பையில் எவ்வளவு வந்தது என்று எழுதி வைப்பார். வரத்து வற்றி, காய்ச்சலும் நின்ற பிறகே குழாயைக் கழற்றினார்கள். கல் இருந்ததால் திரும்ப வரும் என்று, 6 முதல் 8 வாரம் கழித்துத் துளை போட்டுக் குடல்வாலை எடுத்தார்கள்.

சம்மாந்துறையிலிருந்து:

ராத்தா (அக்கா) ஆறு மாதக் கர்ப்பம். வலி விலாவுக்குக் கீழே இருந்ததால் முதலில் பித்தப்பை என்று நினைத்தார்கள். அல்ட்ராசவுண்டில் தெளிவில்லை. கதிர்வீச்சு இல்லை என்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்க அம்புலன்ஸில் வேறு வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். சாய மருந்து போடவில்லை. அந்த இரைச்சலுக்குள் முழு நேரமும் ஸலவாத் ஓதிக்கொண்டே கிடந்தாவாம். வெடித்தால் பிள்ளைக்கும் ஆபத்து என்று அன்றிரவே ஒபரேஷன். அல்ஹம்துலில்லாஹ், இப்போது மருமகன் தவழ்கிறான்.

கல்லடியிலிருந்து:

அப்பாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஸ்கேனில் சீழ் இல்லை, குடல் திரண்டு கட்டியாக மட்டும் இருந்தது. குழாயும் இல்லை, கத்தியும் இல்லை. நரம்பு வழியே அன்டிபயோட்டிக்தான். கட்டி கரைந்து வீட்டுக்கு வந்த பிறகு கிளினிக்கில் கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்ப்பது) செய்யச் சொன்னார்கள். நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெருங்குடல் தொடக்கத்தில் வரும் புற்றுநோயும் இதே மாதிரி வேஷம் போட்டு வருமாம். வயிற்றைக் கழுவும் மருந்தைக் குடிக்க வைப்பதற்குள் அம்மா பட்ட பாடு! சின்னப் பொலிப் (சதை வளர்ச்சி) ஒன்று இருந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள். வேறொன்றுமில்லை. இனிக் குடல்வாலை எடுப்பதா விடுவதா என்று அடுத்த கிளினிக்கில் சொல்வார்களாம். அந்த வயதில் எடுக்காமல் விட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.