பின்பக்கம் பார்த்துக்கொண்டு முன்னால் போகிற படகு: மலையகத்திலிருந்து போனவர்களின் அனுபவங்கள்

மஸ்கெலியாவிலிருந்து ஒரு பழைய கொக்ஸ் (பந்தயப் படகில் சுக்கான் பிடிப்பவன்):

விளையாட்டு அனுபவம் என்றதும் இங்கே கிரிக்கெட், எல்லே, கரப்பந்து என்று எல்லாரும் எழுதிவிட்டீர்கள். துடுப்புப் படகுப் பந்தயம் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால் நானே தொடங்குகிறேன். படகில் இருந்தவர்களும் சரி, கரையில் நின்று பார்த்தவர்களும் சரி, உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

நான் பிறந்தது மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு தோட்டத்தில். லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். பழைய மஸ்கெலியா டவுன் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கிறது. மழை பொய்த்து நீர் இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இடிந்த சுவரோடு வெளியே வரும். சனம் சேற்றில் இறங்கிப் போய்க் கும்பிட்டுவிட்டு வரும். இவ்வளவு தண்ணீர் காலடியில் இருந்தும் எங்கள் லயத்தில் நீந்தத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. "அந்தப் பக்கம் போனா காலை ஒடிச்சிருவேன்" என்பாள் அம்மா. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தண்ணீரில் போன பிள்ளையின் கதை ஒன்று அவளுக்கும் தெரியும்.

ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பாஸாகி கொழும்பில் ஒரு பாடசாலை விடுதிக்குப் போனேன். ஒன்பதாம் ஆண்டில் ஒருநாள் மைதான ஓரத்தில் நின்றுகொண்டிருந்த என்னைப் படகோட்டப் பயிற்சியாளர் கூப்பிட்டார். கேட்டது இரண்டே கேள்வி. நிறை எவ்வளவு? நாற்பத்தொரு கிலோ என்றேன். சத்தம் போட வருமா? தோட்டத்தில் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கூப்பிட்டு வளர்ந்தவன் நான். வரும் என்றேன். அன்றைக்கே கொக்ஸ் ஆகிவிட்டேன். ஆனால் நீச்சல் படித்து முடிக்கும்வரை படகில் ஏற விடவில்லை. அந்த மூன்று மாதத்தில் நான் குடித்த குளோரின் தண்ணீர் கொஞ்சநஞ்சமில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் படகில் ஒன்பதாவது ஆள் கொக்ஸ். எட்டுப் பேரும் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவன் கொக்ஸ் மட்டும்தான். சுக்கான் கயிறு அவன் கையில். அவன் நிறையும் படகுக்குச் சுமைதான், அதனால்தான் சின்ன ஆளாகத் தேடுவார்கள். அதற்காக ஒரேயடியாகப் பட்டினி போட்டுப் பிள்ளையை வற்ற வைக்கவும் கூடாது. சர்வதேசப் போட்டியில் கொக்ஸ் குறைந்தது 55 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் மிச்சத்துக்கு எடை வைத்துத்தான் படகு ஏற்றுவார்கள். இது நல்ல விதி.

அந்தப் படகை முதன்முதலில் தொட்டது இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. நீளம் பதினேழு, பதினெட்டு மீற்றர் வரும், ஆனால் நிறை நூறு கிலோ சொச்சம்தான். அகலம் என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்தால் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவே. ஓடு அவ்வளவு மெல்லிசு. தப்பான இடத்தில் கால் வைத்தால் கால் கீழே போய்விடும். நுனியில் வெள்ளை ரப்பர் பந்து ஒன்று இருக்கும். மோதினால் ஆளைக் குத்தாமல் இருக்கத்தான் அது, ஆனாலும் போட்டோவில் முடிவு பார்க்கும்போது கோட்டை முதலில் தொட வேண்டியதும் அந்தப் பந்துதான். நான் உட்கார்ந்தது வாலில். எனக்கு நேரெதிரே ஸ்ட்ரோக், அதாவது மற்ற ஏழு பேருக்கும் தாளம் வைத்துத் தருகிற வலிப்பாளன். காலியிலிருந்து வந்த சிங்களப் பையன். படகில் முகத்துக்கு முகம் பார்க்கிற இரண்டு பேர் நாங்கள்தான். அவன் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து பிளாஸ்டர் ஈரத்தில் உரிந்து தொங்குவது, மூச்சு தடுமாறுவதற்கு ஒரு நொடி முன்னால் அவன் கீழுதடு உள்ளே மடிவது, எல்லாம் எனக்குத் தெரியும். பின்னாலிருக்கிற ஏழு பேரின் களைப்பையும் நான் அந்த உதட்டில்தான் படித்தேன்.

முதல் சில மாதம் எனக்குத் தாளம் பிடிபடவில்லை. வலிப்பு வேகமாகவும், இருக்கை சறுக்கி முன்னால் திரும்பி வருவது நிதானமாகவும் இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொள்வார். அவசரப்பட்டுச் சறுக்கினால் எட்டுப் பேரின் உடம்பும் ஒன்றாய் வாலை நோக்கி ஓடி, போகிற படகைப் பின்னால் தள்ளும். இது எனக்கு எங்கே புரிந்தது தெரியுமா? மாசியில் ஊருக்குப் போயிருந்தபோது காமன் கூத்தில். மாமா தப்பு மேளம் அடிக்கிறார். அடி விழுவது ஒரு கணம், அப்புறம் கை மேலே போய் நிற்கிற இடைவெளி இருக்கிறதே, ஆடுகிறவனின் கால் அந்த இடைவெளியில்தான் தயாராகிறது. இடைவெளியைச் சுருக்கினால் ஆட்டம் குலைந்துவிடும். விடுதிக்குத் திரும்பியதும் எண்ணிக்கை சொல்வதை விட்டுவிட்டு அந்தத் தப்படி மாதிரியே குரல் கொடுத்தேன். படகு அடியில் தண்ணீர் குமிழ் விட்டு ஓடும் சத்தம் அன்றைக்குத்தான் முதன்முதலாக விட்டுப்போகாமல் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக எத்தனை விடியற்காலை வேண்டுமானாலும் எழும்பலாம்.

பெரிய பந்தயம் ஒன்று. பாதிக்கு மேலே போய்விட்டோம், இரண்டாவதாக இருக்கிறோம். ஐந்தாம் இருக்கைக்காரன் கிராப் பிடித்துவிட்டான். அதாவது துடுப்பு இலை சரியாகத் திரும்பாமல் தண்ணீருக்குள் மாட்டிக்கொள்ளும், படகு போகிற வேகத்துக்குக் கைப்பிடி நெஞ்சில் வந்து அடிக்கும். ஆளையே தூக்கி வெளியே போட்டதும் உண்டு. படகு பிரேக் போட்ட பஸ் மாதிரி நின்றது. என் வாயில் வரவேண்டிய ஆங்கிலக் கட்டளை ஒன்றும் வரவில்லை. "விடு, விடு, புடி... இப்ப இழு! இழு!" தமிழில் கத்துகிறேன். எட்டுப் பேரில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஆனால் எட்டுத் துடுப்பும் ஒன்றாய்த் தண்ணீரில் இறங்கியது.

மூன்றாவதாக வந்தோம். கிராப் பிடித்த பையன் படகை விட்டு இறங்காமல் அழுதுகொண்டிருந்தான். தப்பு அவனுடையது மட்டுமல்ல. அதற்கு இரண்டு வலிப்புக்கு முன்னால் நான் சுக்கானை வெடுக்கென்று திருப்பியதில் படகு அவன் பக்கம் சாய்ந்தது. அதை அன்றைக்கே எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். சொன்னதில் எனக்குத் திருப்தி.

அப்பா இரவு பஸ்ஸில் வந்து கரையில் நின்றிருந்தார். வாழ்க்கையில் அவர் பார்த்த முதல் படகுப் பந்தயம் அது. தோற்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எல்லாப் பயலும் பின்னாடி பாத்துக்கிட்டே போறானுங்க. நீ ஒருத்தன்தான் முன்னாடி பாத்த. பயமா இல்லையாடா?" என்று மட்டும் கேட்டார்.

லிந்துலையிலிருந்து ஓர் ஆசிரியை:

தம்பி, உங்கள் அப்பா கேட்டதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கொழும்பில் உயர்தரம் படித்தபோது நால்வர் படகில் வலித்தேன். எங்கள் அம்மாவின் கவலை வேறு. "கையெல்லாம் கவ்வாத்துக்காரன் கை மாதிரி ஆயிருச்சு, எவன் கட்டுவான்?" என்பாள். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை வெட்டிவிடுவது. லீவில் போனால் தேங்காய் எண்ணெய் தேய்த்து விடுவாள். வலிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், எண்ணெய் தேய்க்க விடாதீர்கள். காய்த்த தோல் இளகிவிடும், அடுத்த வாரம் மறுபடி கொப்புளம்தான்.

ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் படகோட்டம் வந்ததே 1976இல்தான், அதுவும் 1000 மீற்றர். ஆண்கள் வலிக்கிற 2000 மீற்றரை எங்களுக்குக் கொடுக்க 1988 ஆனது. எங்கள் மிஸ் இதைச் சொல்லித்தான் கடைசி 500ஐ வலிக்க வைப்பார். எனக்குக் கோபம் வரும், கோபத்தில் கை ஓடும்.

சொல்ல வந்தது வேறு. டிசம்பர் லீவில் பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்று நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் ஜிம்மில் கெஞ்சி, தரையிலேயே படகு வலிக்கிற மாதிரி இழுக்கும் ஏர்க் மெஷினில் உட்கார்ந்தேன். கொழும்பில் வைக்கிற அதே நான்காம் எண்ணில், சக்கரத்துக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் நெம்பை வைத்தேன். இழுத்தால் காற்றைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது, பாரமே இல்லை. மெஷின் பழுது என்று நினைத்தேன். பழுது இல்லை. அந்த மெஷினின் சக்கரம் காற்றை வெட்டித்தான் பாரம் தருகிறது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், காற்று மெல்லிசு. அதனால் அதே பாரத்துக்கு நெம்பைக் கூட்டி வைக்க வேண்டும். சக்கரம் தரும் பாரத்தைக் காட்ட திரையில் டிராக் ஃபாக்டர் என்று ஓர் எண் வரும், கொழும்பில் வந்த அதே எண் வரும்வரை கூட்டினேன். பாரம் சரியானது. ஆனால் மூச்சு? சக்கரத்துக்குப் பற்றாத காற்று என் நெஞ்சுக்கும் பற்றவில்லை. மூன்றாம் நிமிஷத்தில் கண் இருட்டியது. நான்கு வாரம் விடாமல் போனேன். ஜனவரியில் கொழும்பில் முதல் நாள் வலித்தபோது, யாரோ முதுகில் கட்டிய மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது.

ஜிம் முடிந்து தினமும் கிரகரி வாவிப் பக்கம் நடப்பேன். 1873இல் கவர்னர் கிரகரி காலத்தில் கட்டிய வாவி. பனி விலகாத காலையில் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். உல்லாசப் பயணிகளுக்கான அன்னப் படகுகள் வரிசையாகக் கட்டியிருக்கும். ஒருநாள் அங்கிருந்த அண்ணனிடம் துடுப்புப் படகு ஒன்றைக் கேட்டு வாங்கி நான்கு சுற்று வலித்தேன். சறுக்கும் இருக்கை இல்லை, கால் வேலைக்கே இடமில்லை, முழுக்க முதுகும் கையும்தான். திரும்பி வந்ததும் அவர் காசு வாங்கவில்லை. "எங்க படிச்ச இதை? என் மகளுக்கும் சொல்லித் தருவியா?" என்றார். இருபது வருஷமாக அந்தத் தண்ணீரில் வேலை செய்கிறவர். அவர் மகள் படகில் ஏறியதே இல்லையாம். சொல்லித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் கொழும்புக்குப் போய்விட்டேன். அது இன்னும் எனக்கு உறுத்தல்தான்.

கண்டியிலிருந்து:

நான் வலித்ததில்லை, பார்த்தவன் மட்டும். படிப்புக்காகச் சென்னையில் இருந்த காலத்தில் அடையாற்றுக் கரையில் காலை நடை போவேன். அங்கே மெட்ராஸ் போட் கிளப் 1867இலிருந்து இருக்கிறது. கொழும்புப் படகுக் கழகம் அதைவிட மூன்று வருஷம் மூத்தது, 1864. இந்த இரண்டு ஊர்க்காரரும் 1898இலிருந்தே ஒருவருக்கொருவர் பந்தயம் வலித்து வருகிறார்கள். எங்கள் பாட்டன்மார் கப்பலேறி மன்னார் வழியாய் நடந்து மலைக்கு வந்த அதே காலம். அதே கடல், இரண்டு விதமான பயணம். துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு போகும் பையன்களைப் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. இப்போது எங்கள் பிள்ளைகளே வலிக்கிறார்கள் என்று இங்கே படிக்கும்போது மனசு நிறைகிறது.

ஹட்டனிலிருந்து ஒரு தாய்:

என் மகனுக்குப் பதின்மூன்று வயது. இந்த வருஷம் கொழும்பில் சேர்ந்திருக்கிறான். படகில் சேரப் போகிறேன் என்கிறான். நீச்சல் தெரியாது. எனக்குத் தூக்கமில்லை. அனுப்பலாமா?

மஸ்கெலியாவிலிருந்து மறுபடி:

அக்கா, அனுப்புங்கள். ஆனால் நீச்சல் முதலில். நல்ல பயிற்சியாளர் என்றால் நீந்திக் காட்டாமல் படகில் ஏற்ற மாட்டார். ஏற்றினால் சண்டை பிடியுங்கள். பயிற்சியின்போது கூடவே மோட்டார் படகு போகிறதா என்று கேளுங்கள். படகு கவிழ்ந்தாலும் மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கரை பக்கத்தில்தான் என்று நீந்திப் போகக் கூடாது. மகனுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். படகுக்குள் பாதக் கட்டையில் பொருத்தியிருக்கும் சப்பாத்தின் குதியைக் கட்டியிருக்கும் கயிறு சரியாக இருக்கிறதா என்று அவனே ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கவிழ்ந்தால் கால் தானாகக் கழன்று வருவது அந்தக் கயிற்றால்தான்.

லிந்துலை அக்காவின் உறுத்தல் எனக்கும் உண்டு. மஸ்கெலி ஓயாவும் கெசல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. கொழும்பு விடுதிக் குழாயில் நான் குடித்த தண்ணீரில் எங்கள் ஊர்த் தண்ணீரும் இருந்தது. தண்ணீர் அங்கே போகிறது, பிள்ளைகளும் அங்கே போய்த்தான் வலிக்க வேண்டியிருக்கிறது. போன மார்ச்சில் காலை ஆறு மணிக்கு மவுசாக்கலைக் கரையில் நின்றேன். சிவனொளிபாதமலை தலைகீழாகத் தண்ணீரில் தெரிகிறது, ஒரு அலை இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை காலையில் இப்படித்தான் இருக்கும். பத்து மணிக்கு மேல்தான் காற்று எழும்பும். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கதை வேறு. மின்சாரத்துக்காகத் தண்ணீரை ஏற்றி இறக்குவதால் நிலையான படித்துறை சரிவராது, மிதக்கும் மேடைதான் வேண்டும். கரைச் சேறு முழங்கால் வரை இழுக்கும். மின்சார சபையிடம் அனுமதி வாங்க வேண்டும். எல்லாம் செய்யக்கூடியவைதான். எட்டுப் பேர் படகு வேண்டாம், பழைய ஒற்றைப் படகு இரண்டு கிடைத்தாலே தொடங்கிவிடலாம். எங்கே கிடைக்கும் என்று பழைய கூட்டாளிகளிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நம்ம ஸ்ட்ரோக் இரண்டு பேருக்குப் பேசியிருக்கிறான்.

ஹட்டன் அக்கா, லீவில் மகன் வந்தால் சொல்லுங்கள், நீச்சலுக்கு நான் கூட்டிப்போகிறேன். துவாய் இரண்டு, குளித்து முடித்ததும் போட ஒரு ஸ்வெட்டர், பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி. நம்ம ஊர்க் குளிருக்கு அது கட்டாயம்.